பெயருக்குக் கொடுத்த மனை

டப்ளினில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசைக்காரர் எந்த ஸ்கூலில் படித்தாய் என்று கேட்டார். என் பிசினஸ் ஸ்கூலின் பெயரைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதில்லை, சின்ன வயதில் எங்கே என்றார். இங்கே அந்தக் கேள்விக்கு, நீ எந்த ஊர் என்றுதான் பொருளாம். ஆவடி என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலில் பெருமையாகச் சொன்ன ஸ்கூல் பெயருக்கு நாங்கள் கொடுத்தது என்னவென்றும் அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். ஓய்வுக்குப் பிறகு வீடு கட்ட பட்டாபிராமில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று வெறும் மண்ணில் நின்று காட்டுவாள். எனக்கு சென்னீர்குப்பம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலும் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தது. பூந்தமல்லித் தோழி ஷமீம் அங்கேதான் சேர்ந்தாள். அப்பா மனையை விற்று என்னை அயர்லாந்தில் பெயர்பெற்ற அந்த பிசினஸ் ஸ்கூலுக்கு அனுப்பினார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதை நிறுத்திவிட்டாள்.

ஷமீமும் நானும் போனில் ஒப்பிட்டுப் பார்த்தால் புத்தகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். "இதுக்கா அவ்ளோ தூரம் போய்க்கீற?" என்று சிரிப்பாள். ஆனால் எங்கள் வளாகத்துக்கே வந்து என்னை எடுத்துக்கொண்ட கம்பெனிக்கு அவளும் விண்ணப்பித்தாள், பதிலே வரவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரி அவள். இப்போது திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். பெயருக்கு விலை உண்டுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அப்பா ஓய்வுபெற்று, பட்டாபிராமில் ஒரு வாடகை மாடிக்குப் போனபிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. ஷமீம் வேலை முடிந்து பஸ் பிடித்துவந்து ஆஸ்பத்திரியில் இருப்பாள். கடைசியில் போன் செய்ததும் அவள்தான். "அம்மா போய்ட்டாங்கடி. நான் பக்கத்துலதான் கீறேன்," என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சமீபத்தில் என் ஸ்கூலிலிருந்து, புதிதாக இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். வீடியோ அழைப்பில் மகளோடு வந்தவர் பட்டாபிராம்காரர். மகள் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துலயே காலேஜ் இருக்கும்மா. அந்தப் பேருக்கு இவ்ளோ ஃபீஸ் தகுமா?"

வேலை கிடைக்கும் என்றேன். அது உண்மை. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், முக்கியமாக அவள் அம்மாவை என்றேன். அப்போது அவர் ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் ஒன்று போனது. சென்ட்ரலுக்கா, திருவள்ளூருக்கா என்று என் காது தானாகத் தேடியது. இங்கே என் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. ரயில் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இங்கதாங்க இருக்கேன்," என்றேன்.