நீலச் சட்டைப் பிள்ளைகள்

போர் முடிந்து, மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்தில் உள்ள எங்கள் கரையோரக் கிராமத்தில் நாங்கள் மீளக் குடியேறி ஆறேழு வருடங்கள் இருக்கும். அங்கிருந்த சிறிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லார் கையிலும் புதிதாகக் கைபேசி வந்திருந்த காலம். அதில் வருவதையெல்லாம் நம்பக்கூடாது, யார் அனுப்பியது, படம் எங்கே எடுத்தது என்று பார்க்காமல் சொந்த விவரம் எதையும் கொடுக்கக்கூடாது என்று ஒரு திங்கட்கிழமை தொண்டை வற்றக் கற்பித்தேன். பிள்ளைகளும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

வியாழக்கிழமை இடைவேளையில் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. மீள்குடியேறிய பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினியாம். பகல் ஒரு மணியுடன் பதிவு முடிகிறதாம். தாயின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டுமாம். கீழே, மடிக்கணினியோடு பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். எங்கள் வகுப்பில் இருபத்து மூன்று பேருக்கும் ஒரே ஒரு கணினிதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "ஓடிப்போய் அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!" என்று வகுப்பையே வீட்டுக்கு விரட்டினேன்.

எங்கள் சனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமில் இருந்த காலம் தொட்டுப் படிவம் நிரப்பியே பழகியவர்கள். கூரைக்குப் போடும் தறப்பாளுக்கு ஒரு படிவம், அரிசிக்கு ஒரு படிவம், வீட்டுக்கு ஒரு கட்டுப் படிவம். கதவு போடாத வீட்டிலும் போட்டோக்கொப்பிகள் நிறைந்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று பத்திரமாக இருக்கும். பதிவு என்று காதில் விழுந்தால் எதற்கென்று கேட்கமாட்டார்கள், வரிசையில் நின்றுவிடுவார்கள். நானும் அதே வரிசைகளில் நின்று வந்தவள்தானே.

அரை மணித்தியாலத்தில் வகுப்பு வாசலில் வரிசை நீண்டது. மீன் செதில் ஒட்டிய கையோடு வந்த முதல் தாய் ஃபைலை நீட்டினார். அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்து, கணக்கு இலக்கத்தில் பாதி போட்டிருப்பேன். அவருடைய மகள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், திங்கட்கிழமை சொன்னது எங்களுக்கு மட்டுமோ, உங்களுக்கும் சேத்தோ?"

"வாயை மூடடி! டீச்சரோடயோ எதிர்க்கதை?" என்று தாய் பதறினார். எனக்கும் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் விடவில்லை.

"அந்தப் படத்தைப் பாருங்கோ டீச்சர். பிள்ளையள் நீலச் சட்டை போட்டிருக்கினம். எங்கட நாட்டில எந்தப் பள்ளிக்கூடத்தில நீலச் சட்டை போடுறவை?"

நிமிர்ந்து பார்த்தேன். என் முன்னால் இருபத்து மூன்று வெள்ளைச் சீருடைகள். நாடு முழுக்க அரச பள்ளிக்கூடங்களில் வெள்ளைதான். நானும் வெள்ளை போட்டுப் படித்தவள். உடனே கல்வித் திணைக்களக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். "அப்பிடி ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் விவரம் குடுக்காதேங்கோ" என்றார்கள். பதிந்ததை எல்லாம் அழித்தேன். நல்ல காலம், இன்னும் அனுப்பவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு முகத்தில் அசடு வழிந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும் டீச்சர், விடுங்கோ" என்று ஆறுதல் சொன்னார் அந்தத் தாய். நான் கொஞ்சம் பருத்த உடம்புக்காரி. பிள்ளைகள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வர நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் ஃபைலை மூடிக்கொண்டே, "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் நிரப்பிக் குடுத்ததெல்லாம் ஆரிட்டப் போச்சுது?" என்று கேட்டார். வரிசை மறுபடி கொல்லென்று சிரித்தது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் பிள்ளைகளோடு நாலு தாய்மாரும் வந்து இருந்துவிட்டார்கள். அன்றைக்குப் பாடம் எடுத்தது அந்தப் பிள்ளைதான்.

தாயும் அதட்ட, டீச்சரும் முறைக்க, பயத்தை விழுங்கிக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நின்று கேட்டாளே, என் ஆசிரிய வாழ்க்கையில் நான் பெற்ற மிகச் சிறந்த பெறுபேறு அதுதான் என்று இன்றைக்கும் பெருமையோடு நினைக்கிறேன்.