நீல ரெயின்கோட்டுக்குப் பின்னால்

போன வருடம் பள்ளிக்கூட லீவு விட்டிருந்த நேரம். எங்கள் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, கலவான பக்கமாக சிங்கராஜக் காட்டைப் பார்க்கப் போனார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் நின்றவர். ஓய்வு பெற்றுவிட்டாலும், பழைய ஆள் என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

எனக்குப் போக விருப்பம் இல்லை. காட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்குக் காட்டில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு காரணத்துக்காகச் சரி என்றேன். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெஷின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிப் பல வருடம் ஆகிறது. மகள் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட மாட்டார். போட்டாலும் கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுவார். நான் பேசினால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். மகள் கல்யாணமாகிக் கம்பளைக்குப் போன பிறகு, வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. அன்றைக்குக் காலையில் கெஞ்சிக் கேட்டதால் மெஷினைப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

காட்டு வாசலில் டிக்கெட் எடுத்தோம். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் வரும் வெள்ளைத் துணி மேஜோடு கொடுத்தார்கள். பக்கத்துக் கடையில் எல்லாரும் ஒரே மாதிரி நீல ரெயின்கோட் வாங்கினோம். எங்களோடு வந்த ஒரு அக்கா, "நம்ம மலையில இல்லாத அட்டையா? இதப் பாக்கவா பஸ் புடிச்சு வந்தோம்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

எங்களைக் கூட்டிப்போன கைட் சிங்களத்தில் பேசினார். மெதுவாகப் போக வேண்டும், பாதையை விட்டு இறங்கக்கூடாது என்றார். கொஞ்சத் தூரம் போனதும் சட்டென்று நின்று ஒரு கொடியைக் காட்டினார். அதில் பச்சை விரியன் சுருண்டு படுத்திருக்கிறதாம். "எங்க? எங்க?" என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தோம். எனக்கு இலைதான் தெரிந்தது. இரண்டாம் தரம் கேட்க வெட்கமாக இருந்ததால் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த இடத்தில்தான் குழப்பம் தொடங்கியது. நாங்கள் பாம்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போதே பின்னால் இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. பாதையோ ஒற்றையடிப் பாதை. அதே நேரம் மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் அவசரமாக ரெயின்கோட்டை மாட்டினார்கள். அந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் அதே கடையில் வாங்கிய அதே நீலம். தலையும் மூடி, காலில் அதே வெள்ளை மேஜோடும் இருந்தால் ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? என் வீட்டுக்காரர் போல ஒல்லியாக, ஒரு தோள் சற்றுச் சரிந்த உருவம் எனக்கு முன்னால் நடந்தது. நான் அதன் பின்னால் நடந்தேன்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியது இல்லை என்பதும் எனக்குத் தைரியத்தைக் கொடுத்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று உரத்துப் பேசினேன்.

"இந்தாங்க, ஒன்னு சொல்லணும். திரும்ப வேணாம், நடந்துக்கிட்டே கேளுங்க. அடுத்த மாசம் மகளுக்குப் புள்ள பொறக்கப் போவுது. நான் கம்பளைக்குப் போறேன். போனா திரும்பி வரமாட்டேன்னு நெனைக்கிறேன்."

அவர் நிற்கவில்லை. ஆனால் நடை கொஞ்சம் மெதுவானது. கேட்கிறார் என்று நினைத்தேன். அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஒங்க மேல கோவம் இல்லீங்க. ஆனா எத்தன வருஷமா நான் செவுத்துக்கிட்ட பேசுறேன்? போன மழையில பின்பக்கம் மண்ணு சரிஞ்சப்ப எவ்வளவு பயந்தேன் தெரியுமா? கத்துனேன். நீங்க உள்ள தூங்குனீங்க. அந்த மெஷின டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்க. நான் பேசுறத கேக்க வேணாம்னுதானே? அப்புறம் நான் அங்க எதுக்கு?"

அழுதேன். மழையில் அதுவும் தெரியவில்லை. பாதை ஒரு சின்ன ஓடையில் இறங்கியது. கல் வழுக்கியது. அவர் தாண்டி நின்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். என் வீட்டுக்காரர் எனக்குக் கை கொடுத்து எத்தனையோ காலம். அந்தக் கையைப் பிடித்துத் தாண்டியபோது, சொன்னதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

ஓடை தாண்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அவர் உள்ளே போய்த் தலை மூடியைத் தள்ளினார். நரைத்த தாடியோடு ஒரு முகம். நான் அதுவரை பார்த்தே இராத மனிதர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கணம், என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகி முகம் மாறிவிட்டதோ என்றுகூடப் பைத்தியம்போல நினைத்தேன். கொட்டகையில் நின்ற யாரையும் எனக்குத் தெரியாது. எல்லாரும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர் சங்கடத்தோடு சிரித்தார். "முதலில் போனில் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன், தங்கச்சி. பிறகு அழுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் உங்களுக்கு வெட்கமாகிவிடும் என்று பேசாமல் நடந்தேன்" என்று சிங்களத்தில் சொன்னார்.

வெட்கப்படக்கூட எனக்கு நேரம் இல்லை. அப்படியென்றால் என் வீட்டுக்காரர் எங்கே?

அந்தக் கூட்டத்தின் கைட் ஒரு இளம் பெண். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. எங்கள் கூட்டம் வேறு பாதையில் திரும்பியிருக்கும், அங்கேதான் இருப்பார் என்றாள். போனில் சிக்னல் இல்லை. அவருக்குக் காது கேட்காது, இந்த மழையில் மெஷினையும் கழற்றியிருப்பார், தனியாக என்னைத் தேடிக்கொண்டு அலைவார் என்று சொன்னேன். தன் ஆட்களைக் கொட்டகையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். நரைத்த தாடிக்காரரும் யாரும் கேட்காமலே ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

பாம்பு பார்த்த இடம் வரைக்கும் திரும்பி நடந்தோம். யாரும் இல்லை. கைட் விசில் ஊதினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "ஊதாதீங்க, அவருக்கு அது கேக்காது. அவரு என்னைய கூப்பிட்டா நமக்குக் கேக்கும்" என்று சிங்களத்தில் எப்படியோ சொன்னேன். மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றோம்.

மழைச் சத்தம். பிறகு எங்கேயோ, "புள்ள... ஏ புள்ள..." என்று ஒரு குரல்.

அவர் குரல்தான். ஆனால் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. ஒரு தரம் இடது பக்கம் கேட்டது, அடுத்த தரம் கீழே கேட்டது. பதிலுக்குக் கத்தினால் அவருக்கு விளங்காது. கத்திக்கொண்டே அவர் எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தார். "கீழே ஆறு இருக்கிறது, தண்ணீர் ஏறியிருக்கும்" என்று கைட் மெல்லச் சொன்னாள்.  கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்ன வாய், இப்போது முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சரிவில் பிடித்துப் பிடித்து இறங்கினோம். மரங்களுக்கு நடுவே ஒரு நீலம் தெரிந்தது. ஆற்றோரம் நின்று, ஒரு காலைத் தண்ணீரில் வைத்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். கைட் கத்தினாள். அவர் அடுத்த காலையும் எடுத்தார்.

வீட்டில் அவரைக் கூப்பிட நான் லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பேன். "அண்ணே, டோர்ச்! அவருக்கு முன்னால அடிங்க!" என்று தாடிக்காரரிடம் சிங்களத்தில் கத்தினேன். அந்த மனிதர் டோர்ச் வெளிச்சத்தை அவருக்கு எதிரே இருந்த பாறையில் அடித்து ஆட்டினார். மழை இருட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. அவர் நின்றார். திரும்பினார்.

மேலே ஏறி வந்ததும் என்னைத் திட்டினார். "எங்க போன நீ? அந்தாண்ட நீல கோட்டு ஒன்னு போச்சு, நீதான்னு நெனைச்சேன். ஆத்துல விழுந்துட்டியோன்னு..."   காது மெஷின் அவர் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றி இருந்தது. மழை பட்டால் பழுதாகிவிடும் என்று கழற்றியிருக்கிறார்.

அப்போதுதான் அந்த நரைத்த தாடிக்காரர் ஒன்று செய்தார். என் வீட்டுக்காரரின் காதோடு வாயை வைத்து, "நோனாட்ட கியன்ன தெயக் தியெனவா. அஹன்ன" என்று உரக்கச் சொன்னார். இந்த அம்மாவுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, கேளுங்கள் என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "கம்பொல துராய், நங்கி" என்றார். கம்பளை தூரம், தங்கச்சி.

 நான் முழுக்கத் தமிழில்தானே பேசினேன்? கம்பளை என்றுதானே சொன்னேன்? அந்த ஊர்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டாரா, இல்லை எல்லாமே விளங்கியதா? கேட்பதற்குள் அவர் மேலே ஏறித் தன் கூட்டத்திடம் போய்விட்டார். கைட் எங்களை எங்கள் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் மெஷினைத் துடைத்துக் காதில் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்றார். காட்டில் அவ்வளவு சொன்ன நான், "அத ஏன் கழட்டிடுறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒன் பேச்சு மட்டும் கேட்டா போட மாட்டேனா? பாத்திரம், நாய், தகரத்துல மழை, எல்லாம் ஒன்னா மண்டைக்குள்ள வந்து மோதுது. எது ஒன் கொரல்னு எனக்கு வெளங்க மாட்டேங்குது. அதச் சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

நான் இத்தனை வருடம் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரத்தினபுரி வந்தபோது, போன மழையில் மண் சரிந்ததைப் பற்றிச் சொன்னேன். பயந்ததைச் சொன்னேன். கம்பளையைப் பற்றியும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "போயிட்டு வா" என்றார். அந்த "வா"வை இரண்டு தரம் சொன்னார்.

போனேன், பேரனைக் குளிப்பாட்டி வளர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் பல நாள் மெஷின் டப்பாவில்தான் இருக்கிறது. ஆனால் சாயந்தரம் டீவியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்காருகிறார்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். தெரியும் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, தெரியாது என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எதுவாக இருந்தாலும், அந்த மழையில் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டு பேசுகிறாள் என்று தன் நடையைக் குறைத்துக்கொண்டாரே, அப்படி என் பேச்சைக் கேட்ட ஒருவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.