சுருளிக்குப் போகும் வழியில் ஒரு திராட்சை வெட்டு

தேனிக்கு நான் போனது தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்துவிட்டது, சென்னைக்குத் திரும்பச் செவ்வாய் இரவுதான் பஸ். நடுவில் கிடைத்த நேரத்துக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு திட்டம் வைத்திருந்தார்கள். ஒருத்தர் மூணாறு போ என்றார், ஒருத்தர் மேகமலை போ என்றார். எல்லாரும் போகிற இடத்தில் நானும் போய் நின்று அதே போட்டோவை எடுக்க வேண்டுமா என்ன? இந்தப் பிடிவாதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மலை ஏறப் போவதில்லை, பள்ளத்தாக்கிலேயே சுற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை வைகை அணை. சித்திரை வெயிலில் தண்ணீர் நன்றாக இறங்கிக் கிடந்தது, ஓரத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பூங்காவைவிட அணை மேல் வீசிய காற்று எனக்குப் பிடித்தது. வெளியே வந்து பொரித்த மீன் ஒரு துண்டு வாங்கி நின்றபடியே தின்றேன். அறுபது ரூபாய்க்குத் தாராளமான துண்டு.

செவ்வாய் காலை சின்னமனூர் போய், அங்கே டவுன் பஸ் மாறிக் குச்சனூரில் இறங்கினேன். சனிக்கிழமையில் உள்ளே நுழைய முடியாத கோயிலாம். அன்றைக்குக் காக்கைகளும் நானும் மட்டும்தான். பத்து ரூபாய்க்கு எள் தீபம் வாங்கி ஏற்றினேன். சனீஸ்வரர் சந்நிதியில் நின்றுகொண்டு சொல்வதற்கு எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. அடுத்து நான் போக நினைத்த சுருளி அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது என்று கல்யாண வீட்டில் பேசிக்கொண்டார்கள். "இன்றைக்கு ஒரு நல்ல மழை கொடு" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கம்பம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி பத்தரை. மேற்கே மலை உச்சியில் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை. சுருளிக்குப் பத்து கிலோமீட்டர், போய்த் திரும்ப ஐநூறு ரூபாய் என்று ஒரு ஆட்டோ பேசி ஏறினேன். ஓட்டியவர் அருளப்பன், நாற்பது வயசு இருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் மாதா படம் ஒட்டியிருந்தார்.

காமயகவுண்டன்பட்டி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் கொடி படர்ந்து பச்சைக் கூரை போட்டிருந்தது. கூரைக்கு அடியில் கறுப்புக் குலைகள். ஆசை தீரப் பார்த்துவிட்டு, "மேகத்தைப் பாருங்க, இன்னிக்கு அருவி கொட்டப் போகுது" என்றேன். "குச்சனூர்ல விளக்குப் போட்டு மழை கேட்டேன். உடனே வந்துடுச்சு."

ஆட்டோ வேகம் குறைந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் கேட்டீகளா? நாங்க வேதக்காரவுக அக்கா. மழை வேணாம்னு எம் பொண்டாட்டி விடியக்காலத்துலேருந்து மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கா. நீங்க அங்கன வேற எடத்துல மனு குடுத்துட்டு வந்துருக்கீக."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் மேகத்தை விட்டு நகரவில்லை. விசாரித்ததும் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிறது. நாளைக்குத்தான் வெட்டு. மழை பட்டால் பழம் வெடித்துவிடும், வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். மேகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டயத்து லாரியை இன்றைக்கே வரவழைக்கச் சொல்லி வியாபாரியைப் பார்க்கக் கம்பம் வந்திருக்கிறார். வெட்டு ஆட்களோ இன்னொரு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி செல்வராணியோடு மூன்று பெண்கள் மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"வெறும் வண்டியாத் திரும்பக் கூடாதேன்னுதான் உங்கள ஏத்துனேன். அருவில விட்டுட்டுப் போறேன், சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருத்தி அருவியில் குளிப்பதற்காக இவர்களுடைய நாலு மாதப் பாடு வீணாக வேண்டுமா? "அருவி எங்கயும் போயிடாது. தோட்டத்துக்கு விடுங்க" என்றேன்.

பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் குளுமையும் பழ வாசனையும் முகத்தில் அடித்தன. செல்வராணி திரும்பிப் பார்த்து, "யாரு இவுக?" என்று கேட்டார்.

"மெட்ராஸ் அக்கா. குச்சனூர்ல மழை கேட்டவுக."

செல்வராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கத்தரியை என் கையில் கொடுத்து, "கேட்டவுகளே வெட்டட்டும்" என்றார். கூட இருந்த பெண்கள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பழத்தத் தொடாதீக, காம்பப் புடிங்க" என்று செல்வராணி இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். அப்படியும் என் முதல் பெட்டி முழுவதையும் கலைத்து அடுக்கினார். அண்ணாந்தே நின்று கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. மத்தியானம் தயிர்ச்சோற்றை நின்றுகொண்டே விழுங்கினோம். இரண்டு மணிக்கு மேல் இடி உருண்டது. அதன்பிறகு கத்தரிச் சத்தம்தான். லாரி வந்தது. அதை ஓட்டி வந்தவரும் இறங்கி, "வேகம், வேகம்" என்று தன் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே பெட்டி தூக்கினார். பெரிய பெரிய துளியாக நாலு விழுந்தது. செல்வராணி கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டார். காற்று ஒரு சுழற்று சுழற்றியதில் துளி நின்றது. மறுபடியும் வெட்டினோம். லாரியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்தபோது மழை சோவென்று இறங்கியது. மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் வெட்டாமல் நின்றது.

மோட்டார் ரூமுக்குள் எல்லாரும் ஒண்டிக்கொண்டோம். அந்த இரண்டு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்த செல்வராணி, "போகட்டும். கொடியும் தண்ணி குடிக்கணும்ல" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் மழையில் நின்று முகத்தை நிமிர்த்திக்கொண்டார். அன்று நான் பார்த்த இடங்களில் அந்த மோட்டார் ரூம் வாசலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் புறப்படும்போது, வெட்டாமல் நின்ற வரிசையிலிருந்து ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தார். "இன்னைக்கே தின்னுருங்க அக்கா, காலையில வெடிச்சிரும்." இரவு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுத்துத் தீர்த்தேன்.

சுருளி அருவியை நான் இன்னும் பார்க்கவில்லை, அதில் குறையும் இல்லை. முன்பெல்லாம் சென்னையில் வானம் கறுத்தால் மாடியில் காயும் துணிதான் என் ஞாபகத்துக்கு வரும். இப்போது துணியை எடுக்க ஓடும்போதே, எங்கேயோ யாரோ இன்னும் வெட்டி முடிக்கவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.