கவுண்டருக்கு ஒத்துப்போன ரசமட்டம்

ஒரே ஒரு சந்தாம். அந்தச் சந்திலே ஒரே ஒரு ஹார்டுவேர் கடையாம். அந்தக் கடையிலே இரண்டு வருஷம் நின்றுகொண்டே இருந்த ஒரே ஒரு சேல்ஸ்மேனாம். அது நான்தான். சந்து இருப்பது நீலசந்திராவில். இப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ஆனாலும் எங்காவது பெயிண்ட் தின்னர் வாசனை வந்தால் மனசு அந்தக் கடைக்குப் போய்விடுகிறது.

ஆணி விற்பது சுலபம். வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். மட்டம் பார்க்கிற ரசமட்டம் அப்படியில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே மஞ்சள், ஒரே குமிழி. கவுண்டருக்குப் பின்னால் கால்கடுக்க நின்றவர்களுக்கு என் பாடு புரியும். ஏனென்றால், என்னால் ஒரு மேஸ்திரியின் பிழைப்பே போகப் பார்த்தது.

உடையாத சாமான்

வாடகை வீட்டில் ஷெல்ஃப் மாட்ட வேண்டும் என்று ஒரு ஐடிக்காரர் வந்தார். போனிலேயே ஆப் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டு, போனைக் கவுண்டரில் படுக்க வைத்தார். பின்னால் கேமரா துருத்திக்கொண்டிருந்ததால் போன் ஊஞ்சல் ஆடியது. நான் சிரிக்கவில்லை. ஷெல்ஃபுக்கு ஓரடி போதும், சுவருக்கு இரண்டடி வேண்டும், கனமான அலுமினியம் என்றால் வளையாது என்று சொல்லிக்கொண்டே டிஸ்ப்ளேயில் இருந்த இரண்டடி ரசமட்டத்தை எடுத்தேன். கை வழுக்கி, முனை குத்தித் தரையில் விழுந்தது. குமிழிக் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. ஓனரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்ததைப் பார்த்து அந்த ஐடிக்காரர்தான் தேற்றினார்.

“உடையலையே பாஸ், அப்புறம் என்ன?”

உருப்படியான வேலை

மறுநாள் காலை கவுண்டரைத் துடைத்துவிட்டு, டிஸ்ப்ளேயிலேயே திருப்பி வைத்திருந்த அதே ரசமட்டத்தை அதன்மேல் வைத்தேன். குமிழி இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. சந்தே சரிவு, கவுண்டர் இறங்கியிருக்கும் என்று நினைத்தேனே தவிர, நேற்று விழுந்ததைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, குமிழி நடுவுக்கு வரும்வரை வலப்பக்கக் காலடியில் செருகினேன். ஓனர் வேலாயுதம் அண்ணன் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கே.”

ஆறு பேரும் ஒருத்தனும்

அன்று மத்தியானமே அந்தோணி மேஸ்திரி வந்தார். பழைய ரசமட்டத்தை ஆட்டோவில் விட்டுவிட்டாராம். அடுத்த தெருவில் ஒரு வீடு. சமையல்மேடை சரியாக வந்தால் மேலே இரண்டு மாடி வேலையும் உங்களுக்குத்தான் என்று வீட்டுக்கார மேடம் சொல்லியிருந்தார். தினமும் சந்தாபுரா வரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவருக்கு, வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வருஷ வேலை.

கவுண்டர் மட்டமாக இருக்கிறதா என்று முதலில் கேட்டார். காலையில்தான் பார்த்தேன் என்றேன். பெட்டியிலிருந்து ஆறு புதுசை வைத்துப் பார்த்தார். ஆறிலும் குமிழி வலப்பக்கம். ஏழாவதாக டிஸ்ப்ளேயில் இருந்ததை வைத்தார். குமிழி நட்டநடுவில். அதையே எடுத்துக்கொண்டார்.

“ஆறு பேரும் பொய் சொல்றானுங்க தம்பி. இவன் ஒருத்தன்தான் உண்மை பேசறான்.”

கிரேசி அக்கா வந்தார்

மூன்றாம் நாள் அந்த ரசமட்டத்தோடு அவர் சம்சாரம் கிரேசி அக்கா வந்தார். அவரோடு சித்தாள் வேலை பார்ப்பவர். மேடையில் ஊற்றிய தண்ணீர் சிங்க் பக்கம் போகாமல் அடுப்புப் பக்கம் போகிறதாம். மாடி வேலைக்கு நாளைக் காலை வேறு மேஸ்திரி வருகிறாராம். இதையெல்லாம் அக்கா மெதுவான குரலில்தான் சொன்னார்.

ரசமட்டத்தைக் கவுண்டரில் வைத்தார். குமிழி நடுவில். எடுத்து, முனை மாறும்படி திருப்பி, அதே இடத்தில் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. புதுசு ஒன்றை வாங்கி அதேபோல் இரண்டு தடவை வைத்தார். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நின்றது. மட்டமாக இருந்த கவுண்டரை நான்தான் அட்டை செருகி, விழுந்த ரசமட்டத்துக்கு ஏற்றபடி சாய்த்திருந்தேன். இடம் சரிவாக இருந்தாலும் நல்ல ரசமட்டம் பதிலை மாற்றாது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அது தெரியாமலே நான் எத்தனையோ விற்றிருந்தேன்.

“திருப்பிக் கேட்டா பேச்சை மாத்துது. இதையா தம்பி அவருக்குக் கொடுத்தே?”

மேடம் வீட்டில்

ஓனரிடம் விழுந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் வலித்தது. புதுசு ஒன்றைக் கையில் கொடுத்து, போய் அந்த வீட்டில் சொல்லிவிட்டு வா என்றார்.

என் அரைகுறைக் கன்னடத்தில், தவறு மேஸ்திரியுடையதில்லை, என் கையுடையது என்று மேடத்திடம் சொன்னேன். இப்படிப் பேச மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டார். விழுந்ததையும் புதுசையும் மேடையில் திருப்பித் திருப்பி வைத்துக் காட்டினேன். அவரே வாங்கி நாலு தடவை வைத்துப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்ப் புது மேஸ்திரிக்கு போன் போட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்றார். ஆனால் மேடை இன்றைக்கே சரியாக வேண்டும். கிரானைட்டை மேஸ்திரி, அக்கா, நான் மூன்று பேருமாகப் பெயர்த்து, சாயங்காலத்துக்குள் மறுபடி பதித்தோம். மேடம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது நேராகச் சிங்க்கைத் தேடிப் போனது. மாடிக்கு எப்போது வருகிறீர்கள் என்று அந்தோணி மேஸ்திரியைக் கேட்டார்.

கிரேசி அக்கா கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். மேஸ்திரி கைகால் கழுவிக்கொண்டு, புது ரசமட்டத்தைத் தோளில் சாய்த்தபடி கேட் அருகே நின்றார்.

“இனிமே ஏதாவது கீழ விழுந்தா, மொதல்ல வாயைத் திற தம்பி.”

சொல்லிவிட்டு அவரும் நடந்தார்.

அந்தக் கடையில் எத்தனையோ ஆயிரம் சாமான் விற்றேன், இன்றைக்கும் ஞாபகத்தில் இருப்பது திரும்பி வந்த அந்த ஒன்று மட்டும்தான்.