பன்னிரண்டரை மணி மரண அறிவிப்பு

சுங்கை சிப்புட் கடைத்தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த வானொலி நிலையத்தில் புஷ்பலதா இருபத்தைந்து ஆண்டுகள் மரண அறிவிப்பு வாசித்தாள்.

1997இல் மெய்யப்பன் அந்த நிலையத்தைத் தொடங்கியபோது அறிவிப்பாளர்கள் ஐந்து பேர். திரைப்பாட்டுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடித்துக்கொண்டார்கள். சாவுச் செய்தியை மட்டும் எவரும் தொடவில்லை. வாசித்தால் வீட்டுக்கு ஆகாதாம். ஐவரில் இளையவள், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதால் அது புஷ்பலதாவிடம் வந்தது. அவள் மறுக்கவில்லை. செத்தவர் பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகிவிடும்?

ஆனது அவளுக்குத்தான். தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவள் இரண்டு வார்த்தை பேசியதும் மாப்பிள்ளையின் தாய் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது சாவு செய்தி படிக்கிற பொண்ணுலா. வாங்க போலாம்."

எட்டு மாதம் கழித்து அந்த அம்மாளின் கணவர் இறந்துபோனார். அறிவிப்பு கொடுக்க மாடியேறி வந்தது அதே அம்மாள்தான். புஷ்பலதா வாசித்தாள். எல்லாருக்கும்போல இரண்டு முறை.

வாசிப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. யார் வந்தாலும் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு விடமாட்டாள். "தோட்டத்துல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க? எந்த டிவிஷன்? பால்மரம் வெட்டுனாங்களா, வெளிக்காட்டுல களை எடுத்தாங்களா?" என்று கேட்பாள். தோட்டங்களை விற்றுவிட்டார்கள். மூன்று மாத அவகாசம் கொடுத்து, மூன்று தலைமுறை உழைத்தவர்களை லய வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். ஒருவர் ஈப்போ அடுக்குமாடிக்கு, ஒருவர் கிள்ளானுக்கு, ஒருவர் எங்கே என்றே தெரியாது. முத்தம்மா இறந்தாள் என்றால் யாருக்கும் விளங்காது. கறுப்பாற்றுத் தோட்டம், மூன்றாம் டிவிஷன், பாப்பா என்று சொன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருப்பவன் ஓரமாக நிறுத்துவான். பன்னிரண்டரைக்குச் செய்தி, நாலு மணிக்கு இறுதிச் சடங்கு. இடையில் வந்துசேர மூன்றரை மணி நேரம்.

மெய்யப்பனுக்குப் பிறகு அவர் மகன் அழகப்பன் நிலையத்தைத் தலைநகர் கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதற்கே மேலாளராக உட்கார்ந்தான். ஆட்களைக் குறைத்ததில் புஷ்பலதாவும் ஓர் இளைஞனும் மிஞ்சினார்கள். ஒருநாள் அழகப்பன் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, பன்னெண்டரைக்கு இனி ராசிபலன். நகைக்கடை விளம்பரம். நேயர் போன்ல கேப்பாங்க, அதனால நேரலை. நீங்கதான் படிக்கணும்."

"மரண அறிவிப்பு?"

"ரெக்கார்ட் பண்ணி கேஎல்லுக்கு அனுப்பிடுங்க. அவங்க கேட்டு சரிபாத்து மறுநாள் போடுவாங்க."

"மறுநாள் போட்டா பொணம் இருக்காது தம்பி."

"எல்லார் கையிலயும் வாட்ஸ்அப் இருக்குலா, அக்கா."

"ஒருத்தர் நம்பர் ஒருத்தர்கிட்ட இருந்தாதான?"

அழகப்பன் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடிக்கவில்லை.

நாளை யாருக்குப் பணம் வரும் என்ற புளுகு நேரலையில் போனது. இன்று யார் இறந்தார் என்ற உண்மை ஒரு நாள் கழித்துப் போனது. புஷ்பலதா இரண்டையும் ஒரே குரலில் வாசித்தாள். அவள் குரல் வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஊர், அதே குரலிடம் தன் அதிர்ஷ்டத்தைக் கேட்டது. அதற்காகச் சிரிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. மதியம் சோறு எடுத்துப் போனாள், சாப்பிட்டாள், வந்தாள்.

லாரி ஓட்டும் சீனி ஒரு புதன்கிழமை கையில் மாலையோடு மாடியேறினான். கறுப்பாற்றுப் பாப்பா இறந்த அறிவிப்பை அன்று மதியம் கேட்டுவிட்டு ஈப்போவிலிருந்து வந்திருந்தான்.

"என்னாக்கா, இது ரேடியோவா, பழைய பேப்பரா? எரிச்சு, சாம்பலக்கூட கரைச்சிட்டாங்க. இந்த மாலைய நான் யாருக்குப் போடறது? உங்க பாஸுக்கா?"

அவன் அதை மேசைமேல் போட்டுவிட்டு இறங்கிப் போனான். மாலை இரண்டு நாள் நிலையத்து மேசையிலேயே கிடந்தது. பிறகு அவளே எடுத்துப்போய்க் குப்பையில் போட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலை, லகாட் முதியோர் இல்லத்திலிருந்து தினேஸ்வரி என்ற தாதி அழைத்தாள்.

"அக்கா, ஒரு பாட்டி விடியக்காலைல தவறிட்டாங்க. ராக்காயி. சொந்தம் யாரும் இல்ல. நாலு மணிக்கு ஈப்போ மின்சுடலைல எரிக்க ஏற்பாடு பண்ணியிருக்கோம். நானும் டிரைவரும்தான் போறோம்."

"எந்தத் தோட்டம்?"

"கறுப்பாறுன்னு சொல்வாங்க. ஆயாக்கொட்டகைல வேலையாம்."

பெற்றவர்கள் பால்மரம் வெட்டப் போனபின் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கொட்டகையில் குழந்தைகளுக்குத் தூளி ஆட்டியவள் ராக்காயி. சீனியும் அதில் கிடந்தவன். புஷ்பலதாவும்தான். அழுகை வருகிறதா என்று அவள் சற்றுப் பார்த்தாள். வரவில்லை. நாளை ஒலிபரப்பினால் இன்று சுடலையில் இரண்டு பேர்தான். அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

பன்னிரண்டரைக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள். முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம்க்கா, நான் கும்பம். இன்னைக்கு எனக்கு எப்படி இருக்கு?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது," என்றாள் புஷ்பலதா. எதிரிலிருந்த ராசிபலன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "மரண அறிவிப்பு. கறுப்பாற்றுத் தோட்டம், இரண்டாம் டிவிஷன், ஆயாக்கொட்டகை ராக்காயி இன்று அதிகாலை காலமானார். இறுதிச் சடங்கு மாலை நாலு மணிக்கு, ஈப்போ மின்சுடலையில். கொட்டகையில் வளர்ந்தவர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளவும்."

கண்ணாடிக்கு அப்பால் அழகப்பன் கையை ஆட்டினான். பிறகு கண்ணாடியைத் தட்டினான்.

கும்ப ராசிக்காரி இன்னும் இணைப்பில் இருந்தாள். "அக்கா... எந்தத் தோட்டம்னு சொன்னீங்க?"

புஷ்பலதா மறுபடி வாசித்தாள். எப்படியும் இரண்டு முறைதான்.

கதவைத் திறந்துகொண்டு அழகப்பன் வந்தான். "ஏங்கா இப்படிப் பண்ணீங்க? நகைக்கடைக்காரன் போன் பண்ணிட்டான். கேஎல்லுக்கு நான் என்னா சொல்றது?"

"நான் படிச்சேன்னு சொல்லு."

கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. சோற்றுப் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி, ஈப்போவுக்குப் பேருந்து பிடித்தாள்.

மின்சுடலைச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. சீனியின் லாரி பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அறுபது பேராவது இருக்கும். ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்து, "நீ ஆபீஸ் கிராணி வீட்டுக்குப் பின்னால லயம்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி எண்களை வாங்கிக்கொண்டார்கள். சீனி ராக்காயிக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"நாளைக்கு யார்க்கா படிப்பாங்க?"

"யாரும் இல்ல."

நாலு மணி என்று வாசித்திருந்தாள். பணியாளர் நேரமாகிறது என்றார். வாசலில் இன்னொரு லாரி வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று தினேஸ்வரி கேட்டுக்கொண்டாள். நாலு இருபதுக்கு ராக்காயியை உள்ளே தள்ளினார்கள். புஷ்பலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடத் தாமதம்.