குலசாமி பேரில் ஒரு பூட்டு

கம்பத்தில் நாங்கள் இருந்த தெரு முழுக்க என் கணவரின் பங்காளிகள். ஒரு வீட்டு ஏணி இன்னொரு வீட்டில்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் என் இட்லிக் கொப்பரையைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். கேட்டால், "எல்லாம் நம்ம வீடுதானத்தா" என்பார்கள். வாங்கிப் போனதைத் திருப்பிக் கொடுக்கத் துப்பில்லாதவர்கள் சொல்கிற பேச்சு அது. எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மதுரையில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அந்தப் பதிவை நெட்டில் இறக்கி, கேட்டு, டைப் அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். படித்த படிப்புக்கு வெளியே போய் வேலை பார்க்க மாமியார் வீட்டில் சம்மதிக்கவில்லை. இது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆக, இது போனால் எனக்கு அடுப்படிதான். அதைத் தெரிந்துகொண்டுதான் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

போன் லைன் முன்கூடத்தில் இருந்தது, கம்ப்யூட்டர் பின்னறையில். அதனால் வயர் இல்லாமல் வேலை செய்கிற மோடம் வாங்கினோம். மாட்ட வந்தவர், "பாஸ்வேர்டுக்கு ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க" என்றார். என் கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குலசாமி பேரைச் சொன்னார். எங்கள் உரக்கடைப் பலகையில் அந்தப் பேர்தான். பைக்கிலும் டிராக்டரிலும் அந்தப் பேர்தான். சாமி பேரை வைத்தால் நல்லது என்று மாமியாரும் தலையாட்டினார்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு நெட் நகரவே மறுத்தது. டாக்டர் பேச்சு முக்கால்வாசி இறங்கி நின்றுவிடும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். வேலை நேரம் தவறிப்போய்க்கொண்டே இருந்தது. போன் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். லைனைப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். நம்பாமல் மறுபடியும் போய்க் கத்தினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. அப்போது தினமும் கரண்டு போகும். எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். கரண்டு போனதும் தெருவே இருண்டு கிடக்கும், என் நெட் மட்டும் பறக்கும். கரண்டு வந்ததும் படுத்துவிடும். கரண்டு வந்தால் ஏன் படுக்க வேண்டும்? ஒரு நாள் காலையில் என் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மோடத்தின் முன்னால் போய் நின்றேன். வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. ஆனால் அதன் விளக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டுக் கொழுந்தன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தான். நேரே போய்க் கேட்டேன்.

"ஏலே, எங்க நெட்டையா ஓட்டுற?"

"ஆமா மதினி. படம் இறக்கிக்கிட்டு இருக்கேன்." மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"பாஸ்வேர்டு யாரு சொன்னா?"

"இதை ஒருத்தர் வந்து சொல்லணுமாக்கும்? சாமி பேரைப் போட்டேன். மொதத் தடவையே திறந்திருச்சு."

"திறந்தா உள்ள வந்துருவியா?"

"சாமி நமக்கெல்லாம் பொதுதான மதினி."

"சாமி பொது. நெட்டு எங்க வீட்டுது."

ஒரே சாமியைக் கும்பிடுகிற தெருவில் அந்தச் சாமி பேரையே பூட்டாகப் போட்டிருந்தோம். கரண்டு போனால் அவர்கள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், அதனால்தான் அப்போது மட்டும் என் நெட் பறந்திருக்கிறது. அன்றே மோடம் பெட்டியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றினேன். வீட்டில் கணவருக்கு மட்டும் சொன்னேன். அந்த வாரமே நெட் மறுபடியும் படுத்தது. கணவரைப் பிடித்தேன்.

"அண்ணன் கேட்டாக. பங்காளி கேக்கையில எப்படி இல்லேங்கிறது?"

"இல்லைன்னு சொல்றது. அம்புட்டுத்தான்."

"நல்லாருக்காது புள்ள."

நல்லாயிருக்காதாம். என் வேலை போனால் நல்லாயிருக்குமா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அதற்குள் கம்பெனியில் எனக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அம்மா போன் செய்துவிட்டார். "இன்னொரு தடவை லேட்டானா உங்க வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்மா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மறுநாள் காலை புது வேலை வந்தது. நீளமான பதிவு, மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். இறங்கத் தொடங்கி, வழக்கம்போல நின்றது. நான் எழுந்து போய் மோடத்தின் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊக்கைக் குத்தி, அதில் இருந்த செட்டிங் எல்லாவற்றையும் அழித்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலில் இருந்து போட்டேன். இந்த முறை மோடத்துக்குள் நுழைந்து செட்டிங்கை மாற்றுவதற்கென்று இருக்கிற பாஸ்வேர்டையும் மாற்றினேன். பழைய வகைப் பூட்டை எளிதாக உடைக்கலாம் என்று படித்திருந்ததால் புது வகையை வைத்தேன். வயரில்லா இணைப்புக்குப் பாஸ்வேர்டாக, நான் டைப் அடிக்கிற ஒரு நோயின் பெயரைத் தலைகீழாக்கி, நடுவில் எண்களைச் செருகினேன். தெருவில் ஒருவருக்கும் அந்த நோய் வந்ததில்லை, பெயரைக் கேட்டிருக்கவும் வழியில்லை. எதிலும் எழுதி வைக்கவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பதிவு மடமடவென்று இறங்கியது. ஹெட்போனைக் காதில் மாட்டி அடிக்க ஆரம்பித்ததும் வாசலில் சத்தம்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் பெரியத்தை. "ஏத்தா, உங்க நெட்டுல என்னமோ கோளாறு. துபாய்ல இருக்க எம் மகன் மூஞ்சி தெரியலைன்னு மருமக மொகத்தைத் தூக்கி வச்சிருக்கா. என்னன்னு பாரு."

"கோளாறு இல்லத்தை. பூட்டிட்டேன்."

"பூட்டிட்டியா? எதுக்கு?"

"திறந்து கிடந்துச்சு, அதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து கொழுந்தன். "மதினி, பாதிப் படம் இறங்கிருச்சு. மிச்சத்தை மட்டும் எடுத்துக்கிடுறேன்."

"பாதியவே பாரு."

"இடைவேளையோட நிக்குது மதினி."

"அப்ப முறுக்கு வாங்கித் தின்னுட்டு வேலை தேடு."

திருட்டு நெட் நின்றுபோனதற்கு உரிமைக்காரியிடமே வந்து புகார் சொல்கிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. காதில் டாக்டர் யாருடைய கல்லீரலைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே அடித்தேன். அடித்து முடித்து அனுப்பியபோது மதியத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது.

சாப்பிட வந்த கணவர் தெருவிலேயே சேதி கேட்டுவிட்டார். "என்ன பாஸ்வேர்டு வச்ச?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல சொல்ல மாட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுவும் சரிதான். கேட்டாகன்னா எனக்கே தெரியாதுன்னு சொல்லிருவேன். பொய்யும் இல்ல, பாத்தியா" என்றார். மனுசனுக்கு முகமே தெளிந்துவிட்டது. இல்லை என்று சொல்லத் தெரியாத ஆளுக்கு அதைவிட நல்ல வழி வேறில்லை.

சாயங்காலம் பெரியத்தையின் மருமகள், அந்தத் துபாய்க்காரர் மனைவி, தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து அவுகளோட கொஞ்ச நேரம் பேசிக்கிடவா?" என்றாள். அந்தத் தெருவில் அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் வேலை முடிந்த பிறகு எந்த நாளும் வரலாம் என்று சொன்னேன். வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வேலையைக்கூட நான் தாமதமாக அனுப்பவில்லை. மாசக் கடைசியில் கம்பெனி அம்மா போன் செய்தார். "ஆபரேஷன் பதிவெல்லாம் இங்க ஆபீசுல இருக்கவங்களுக்குத்தான் கொடுப்போம். கஷ்டமா இருக்கும். உங்களால முடியுமாம்மா?"

"அனுப்புங்க" என்றேன்.