மகாலட்சுமிக்குப் பூசிய கரித்தண்ணீர்

செங்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஏரித் தண்ணீரில் செங்கற்பொடி போட்டுத் தேய்த்தும் கையிலிருந்த "கிருஷ்ணாயில்" வாடை மட்டும் என்னைவிட்டுப் போகாமல் கூடவே வந்தது. நான் வேலை பார்த்த சைக்கிள் கடை முதலாளி ஸ்பேனரால் முட்டியில் அடித்தது அது முதல் தடவை அல்ல என்பதால் அழுகை எதுவும் வரவில்லை. விடிவதற்கு முன்பே மாற்றுச் சட்டையை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த எனக்குப் பதினாலு வயது. திருவண்ணாமலையில், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கனகா சித்தி கொலு பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தாள். "பிரஷ் புடிக்கத் தெரிஞ்சா இரு, தெரியலன்னா அடுத்த பஸ்ல செங்கத்துக்கே ஏத்தி வுட்டுடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். எனக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியாது. திரும்பிப் போனால் அந்த ஸ்பேனர் அங்கேயேதான் இருக்கும்.

திருவண்ணாமலையின் ஓரத்தில், செங்கம் ரோட்டிலுள்ள ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் ஒன்றில் தண்ணீர் கேட்டு நின்றபோது, ஜன்னலுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பூதம் தெரிந்தது. கோரைப்பல்லும் கையில் கோடாரியுமாக ஈயத்தில் வார்த்த பூதம். பக்கத்தில் ஒற்றைக்கண்ணன், இறக்கை வைத்த பாம்பு, தாடி வைத்த குள்ளன் என்று ஒரு படையே மேசைமேல் நின்றது. லுங்கி கட்டிய ஒரு வெள்ளைக்கார இளைஞர் குனிந்து உட்கார்ந்து அவற்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டு வந்த வீட்டுக்காரம்மா என் காதோரம் வந்து, "அந்தப் பக்கம் பாக்காத. செய்வினை பொம்மை கணக்கா கீது. கேட்டா, அவங்க ஊர்ல பெரிய ஆளுங்களே இத வச்சு வெளையாடுவாங்கன்றான். நான் அந்த ரூமைப் பெருக்கவே போறதில்ல" என்றாள். அவள் சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா?

பூதத்துக்கு உடம்பெல்லாம் ஒரே பச்சை பூசிக் காயவைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. திடீரென்று ஒரு கிண்ணத்திலிருந்து கருப்புத் தண்ணீரைப் பிரஷில் மொண்டு அதன் தலையிலேயே ஊற்றினார். "ஐயோ, வீணாப்போச்சு!" என்று கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "பொறு, பொறு" என்றார். கருப்பு மெல்ல வழிந்து பல்லிடுக்கிலும் அக்குளிலும் விலா மடிப்பிலும் போய்த் தங்கியது. மேடான இடங்களைத் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு வேறொரு பிரஷில் வெளிர்பச்சையைத் தொட்டு, அதில் ஈரமே இல்லாத அளவுக்குக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மூக்கின்மேலும் முட்டியின்மேலும் லேசாக உரசினார். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் அந்த ஈயக்கட்டி மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. சைக்கிளின் முன்கழுத்தில் பித்தளை வில்லை ஒன்று இருக்கும். அழுக்குக் கிருஷ்ணாயிலில் துணியை முக்கி அதைத் துடைத்தால், பள்ளத்தில் மை நிற்க, அதிலிருக்கும் சிங்கம் பிடரிமயிரோடு எழுந்து வரும். ஏன் அப்படி வருகிறது என்று அதுவரை யோசித்ததில்லை. நான் கேட்காமலே அவர் பிரஷை என் பக்கம் நீட்டினார். குள்ளனின் தாடியில் கருப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் முட்டிவலி மறந்துபோயிற்று.

சித்தி வீட்டை அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்ததால், உட்காரவும் இடமில்லாமல் அறை முழுக்க பொம்மைகள். அவள் எனாமல் பூசிக் காய்ந்த ஒரு மகாலட்சுமியை என் முன்னால் வைத்து, "புடவைக்கு பார்டர் மட்டும் இழு பாக்கலாம். கை நடுங்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பார்டர் இழுத்தால் நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் லாந்தர் கண்ணாடியின் கரியை வழித்து, தண்ணீரில் குழைத்து, பொம்மைமேல் ஒட்டுவதற்காகத் துளி சோப்பும் கரைத்து ஊற்றினேன். புடவை மடிப்புகள் ஒவ்வொன்றாக ஆழம் காட்டின. பார்த்த ஆசையில் கை நிற்கவில்லை. முகத்துக்கும் ஊற்றினேன்.

சித்தி வந்து பார்த்தாள்.

"அடப்பாவி, இன்னாடா இது? பத்து நாள் காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி ஆக்கிட்டியே லட்சுமிய! இத எவ வூட்டுக் கொலுவுல வைப்பா?"

கட்டிலில் படுத்திருந்த சித்தப்பா எட்டிப் பார்த்து, "அவளுக்கே கஷ்டகாலம்னா நமக்கு எங்க குடுக்கப் போறா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையமும் ஒட்டிய கன்னமுமாக அவள் உண்மையிலேயே நோயாளிபோலத்தான் இருந்தாள். பூதத்துக்கு உயிர் கொடுத்தது சாமிக்கு அழுக்காகிவிட்டது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன்.

"கடைசி பஸ் எத்தினி மணிக்கு சித்தி?"

அவள் பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரோரம் துர்க்கையின் காலடிக்காகக் காத்திருந்த மகிஷாசுரனை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இவனுக்கு ஊத்து."

ஊற்றினேன். துணியால் ஒற்றினேன். வெளிர் நிறம் தொட்டுத் துடைத்த பிரஷால் கொம்பையும் புருவத்தையும் உரசினேன். சித்தப்பா கட்டிலை விட்டு எழுந்து வந்தார். சித்தி, "யப்பா, முழிக்கிறான் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள்.

இப்போது எப்போதாவது அந்த ஊர்ப்பக்கம் போனால் செங்கம் ரோட்டில் இறங்கி நடக்கிறேன். பூதங்கள் நின்ற வீடு இருந்த இடத்தில் காபிக் கடை இருக்கிறது; அந்த வெள்ளைக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சித்தி போய்விட்டாள். நவராத்திரிக் கடைகளில் அசுரனும் சாமிகளைப் போலவே பளபளவென்று நிற்கிறான். கொம்பும் மீசையும் இல்லாவிட்டால் யார் யாரைக் கொல்கிறார்கள் என்றே தெரியாது.

சித்தி வீட்டில் அந்த முதல் ராத்திரி கழிந்து காலையில் கண் விழித்தபோது மகாலட்சுமிக்கு முகம் மட்டும் கழுவித் துடைத்திருந்தது. புடவையின் கரியை சித்தி தொடவில்லை. எதிரே அசுரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"இவனுங்கல்லாம் உன் ஆளுங்க. சாமிங்க பக்கம் வந்த, கைய ஒடிச்சிடுவேன்."

"சிங்கம், சித்தி? அது யாரு பக்கம்?"

அவள் துர்க்கையின் சிங்கத்தைக் கையில் எடுத்து அதன் திறந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வாய்க்குள்ள மட்டும் பூசு."

அன்று நான் முதலில் பார்த்த வேலை சிங்கத்தின் வாய்.